எறும்பு வரும்வரை பின்னிய வலை

பழவேற்காட்டைப் பார்க்க வருகிறவர்கள் நேராக உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கல்லறைக்குத்தான் போகிறார்கள். வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். கல்லில் பெயர் இருக்கிறது, பிறந்த ஊர் இருக்கிறது, எத்தனை வருஷம் எத்தனை மாதம் வாழ்ந்தான் என்றுகூட இருக்கிறது. செத்தவர்கள் மேல் எனக்கென்ன கோபம்? ஆனால் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வந்துவிடுகிறது. பக்கத்துத் தோணிரேவுக் குப்பத்தில் திரௌபதி என்று ஒருத்தி இருந்தாள், அவளுக்கு ஒரு செங்கல் நட்டு வைக்கக்கூட ஆளில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கோட்டையில் உலாந்தாக்காரன் கொடி பறந்த காலம். திரௌபதிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஊர் வலைகளுக்கெல்லாம் சாயம் போடுவது அவள் வேலை. பருத்தி நூல் வலை உப்புத் தண்ணீரில் கிடந்து சீக்கிரமே மக்கிவிடும். ஆவாரம் பட்டையை இடித்துச் சட்டியில் போட்டு, ஒரு பிடி சுண்ணாம்பும் சேர்த்துக் கொதிக்க வைத்து, அந்தச் சாற்றில் வலையை முக்கி எடுத்தால் ஒரு பருவம் தாங்கும். அவளுடைய இரண்டு கையும் முழங்கை வரைக்கும் செம்பழுப்பு நிறம், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. வாயும் சும்மா இருக்காது. அவளிடம் வலை கொடுத்துவிட்டு நாலு பேச்சு வாங்காமல் திரும்பியவன் தோணிரேவில் கிடையாது.

அந்தச் சாயக் கொட்டிலில் ஒரு வசதி உண்டு. சுண்ணாம்பும் பட்டையும் ஊறிய நெடிக்கு எறும்பே வராது. அதனால் பனைவெல்லத்தை அடுப்படியில் வைக்காமல், கொட்டிலில் ஒரு பழைய சாயச் சட்டிக்குள் போட்டு மூடி வைப்பாள். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் ஒருநாள் மறந்துவிட்டாள்.

அவள் புருஷன் சிங்காரம். ஏரியில் அவனுக்குப் பாடு உண்டு. பாடு என்பது ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டலாம் என்கிற முறை. வருஷத்துக்கு ஒருநாள் ஊர் கூடி அதைப் போடும். பாட்டுக்கு உரியவன் இடுப்பளவு தண்ணீரில் தானே நிற்க வேண்டும். தன் பெயரைக் கூப்பிடும்போது தன் கையால் கம்பை ஊன்ற வேண்டும். அவனுக்காக அண்ணன் தம்பி ஊன்றக் கூடாது, பெண்சாதி அந்தக் கம்பைத் தொடவே கூடாது. அன்றைக்குத் தண்ணீரில் இறங்காதவனுக்கு அந்த வருஷம் ஏரியில் இடமில்லை. அடுத்தவன் தோணியில் ஏறி, அடுத்தவன் வலையை இழுத்துத்தான் காலம் தள்ள வேண்டும். சிங்காரம் பதினெட்டு வருஷம் விடாமல் இறங்கியவன்.

அந்த ஆள் ஒரே வருஷத்தில் பாதியாக இளைத்துப் போனான். பானைத் தண்ணீரை மடக் மடக்கென்று குடிப்பான், குடித்த கையோடு வேலியோரம் ஓடுவான். அவன் போய்விட்டு வந்த இடத்தில் எறும்பு சாரை சாரையாக வருவதைத் திரௌபதிதான் முதலில் பார்த்தாள்.

“இன்னாய்யா, நீ ஒதுங்குற எடத்துல எறும்புங்க திருநா கொண்டாடுது? வெல்லத்தத் திருடித் துன்றியா?” என்று கேட்டாள். அவனும் சிரித்தான்.

அதற்கடுத்த மாதம் வலையிலிருந்த கெளுத்தி மீனின் முள் அவன் வலது பாதத்தில் ஏறியது. இந்தப் பக்கத்தில் முள் ஏறாத கால் எது? நாலு நாளில் ஆறிவிடும். சிங்காரத்தின் புண் மூன்று மாதமாகியும் வாயை மூடவில்லை. அதன் பிறகு அவள் எறும்பைப் பற்றிக் கேலி பேசவில்லை.

பொன்னேரிப் பக்கத்து உழவர் வீட்டுக்காரர் ஒருவர், சம்பந்தம் என்று பெயர், வைத்தியம் தெரிந்தவர். கோட்டையில் ஓர் உலாந்தா ரணவைத்தியன் இருந்தான். அவனுக்கு மூலிகை கொண்டுபோய்க் கொடுத்துக் கொடுத்து அவன் பாஷையும் இவருக்கு வந்துவிட்டது. சம்பந்தம் வந்து காலைப் பார்த்தார், எறும்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டார்.

“இது நீரிழிவும்மா. ஆவாரம்பூ, கொழுந்து, பட்டை மூணையும் கசாயமா வெச்சுக் குடு” என்றார்.

“ஆவாரையா? வலைக்குப் போடுறத மனுசனுக்குக் குடுக்கச் சொல்றீரே! இவரு இன்னா வலையா, மக்காம இருக்க?”

“வலையே மக்காம நிக்குதில்ல? இவரும் நிக்கட்டுமே.”

“ஆறிடுமா வைத்தியரே?” அவள் குரல் இறங்கிவிட்டது.

“கேள்விப்பட்டிருக்கேன். கண்ணால பார்த்ததில்லம்மா.”

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவர்தான் சிங்காரத்தைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரணவைத்தியன் சிங்காரத்தின் கையில் சின்னதாகக் கீறி, வெள்ளைக் கிண்ணம் ஒன்றில் கொஞ்சம் ரத்தம் பிடித்து வைத்தான். ஒரு நாழிகை போனது. உறைந்த ரத்தத்துக்கு மேல் தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையாக ஒரு படலம், விரல் கனத்துக்கு நின்றது. வைத்தியன் கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

“ரத்தத்துல கொழுப்பு மெதக்குதுன்றாரு. அமாவாசைக்கு அமாவாசை கொஞ்சமா ரத்தம் எடுத்து, இந்த வெள்ளை கொறையுதான்னு பார்க்கலாமாம். புண்ணு ஆறுற மட்டும் கால் தண்ணியில படக்கூடாதாம்” என்று சம்பந்தம் சொன்னார்.

“அவரு கிண்ணத்தைப் பாக்கட்டும். நான் எறும்பைப் பாக்குறேன்” என்றாள் திரௌபதி.

எப்படிப் பார்த்தாள் என்பதைச் சொன்னால்தான் அவள் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும். தினமும் விடிந்ததும் அவன் நீரை ஒரு சட்டியில் பிடித்துப் பூவரச மரத்தடியில், எறும்புப் புற்றிலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பாள். வைத்தவுடன் பக்கத்தில் உட்கார்ந்து வலை பின்னத் தொடங்குவாள். ஒரு நாளைக்கு ஒரு வரிசை, வரிசைக்கு நூறு கண். முதல் எறும்பு சட்டிக்குள் இறங்கும்போது எந்தக் கண்ணில் கை இருக்கிறதோ அந்தக் கண்ணில் ஒரு சிவப்பு நூலை முடிவாள். மறுநாள் அதற்குக் கீழே அடுத்த வரிசை. எறும்பு தாமதித்து முடிச்சு தள்ளி விழுந்தால் நீரில் இனிப்பு குறைகிறது என்று கணக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவள் அவள்.

முதல்நாள் சிவப்பு முடிச்சு பன்னிரண்டாவது கண்ணில் விழுந்தது. சம்பந்தம் சொன்னபடி வெல்லம், பதநீர் எல்லாவற்றையும் நிறுத்தி, கேழ்வரகுக் களியும் மீனும் போட்டாள். காலையிலும் மாலையிலும் கசாயம். பத்து நாளில் முடிச்சு இருபதுக்கு வந்தது. ஒரு மாதத்தில் நாற்பத்தொன்று. முதல் அமாவாசைக்குக் கிண்ணத்தில் வெள்ளை கொஞ்சம் மெலிந்திருந்தது. புண்ணின் ஓரம் சிவந்து புதுத்தோல் கட்டியது. அன்று சிங்காரம் அவள் கையைப் பிடித்துப் பார்த்து, “உன் கையி மாதிரியே என் கொடலும் செவந்திருக்கும்டி” என்றான்.

ஒருநாள் காலை ஆடு முட்டிச் சட்டி உடைந்தது. அவசரத்துக்குக் கொட்டிலிலிருந்து ஒரு சின்னச் சாயச் சட்டியை எடுத்து, மூன்று தடவை சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அவளைப் பொறுத்தவரை சட்டி சுத்தம். எத்தனையோ வருஷம் பட்டையும் சுண்ணாம்பும் கொதித்த மண் அது. மூன்று தடவை கழுவினால் போகிற சாயமா? அவள் கையைப் பார்த்தாவது தெரிந்துகொண்டிருக்கலாம்.

அன்று நூறு கண்ணும் முடிந்தது, எறும்பு வரவில்லை. மறுநாளும் இல்லை. ஏழு வரிசை முடிச்சே இல்லாமல் போனது. அதோடு பின்னுவதை நிறுத்திவிட்டாள். திரௌபதி தெருவில் போகிற வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு வலையைக் காட்டினாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை ஊர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

இரண்டாவது அமாவாசை வந்தது. பாடு போட இன்னும் நாலே நாள். கிண்ணத்தில் வெள்ளை பாதிதான் குறைந்திருந்தது. ரணவைத்தியன் தலையை ஆட்டினான்.

“இன்னும் இருக்குதும்மா. தண்ணியில மட்டும் எறக்கிடாத” என்றார் சம்பந்தம்.

“ஏழு நாளா ஒரு எறும்பு கிட்ட வர்ல. எறும்புக்குப் பொய் சொல்லத் தெரியுமா? அவரு கிண்ணத்துல இன்னா கோளாறோ, கேட்டுச் சொல்லும்!”

“ரெண்டும் ரெண்டு விதமாச் சொல்லுதே, அதான் எனக்குப் பயமா இருக்குது” என்றார் அவர். அவள் காதில் அது ஏறவில்லை.

பாட்டுக்கு முதல்நாள் சாயங்காலம் சிங்காரம் காலை நீட்டி உட்கார்ந்து புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். புண் சின்னதாகிவிட்டது, ஆனால் மூடவில்லை.

“நீ சொல்லு புள்ள. வைத்தியரு இன்னாவாச்சும் சொல்லிகினு போகட்டும், எனக்கு நீ சொன்னா சரி. எறங்கட்டுமா?”

அவள் யோசிக்கக்கூட இல்லை.

“எறங்குய்யா” என்றாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை அவன் தண்ணீரில் நின்றான். பெயர் கூப்பிட்டார்கள். கம்பை ஊன்றினான். கரைக்கு வரும்போது சிரித்துக்கொண்டேதான் வந்தான். அவன் பின்னால் மணலில் ரத்தம் சொட்டிக்கொண்டு வந்ததைத் திரௌபதிதான் பார்த்தாள். ஏரி அடியில் கிடந்த மட்டிச் சிப்பி ஓடு அதே பாதத்தை ஆழமாகக் கிழித்திருந்தது. அவனுக்கு வலிக்கவே இல்லை. அந்த நோய் காலின் உணர்ச்சியையும் கொண்டுபோயிருந்தது.

ஒன்பதாம் நாள் பாதம் கணுக்கால் வரை கறுத்துவிட்டது. ரணவைத்தியன் தோணி ஏறி வந்து பார்த்தான். முழங்காலுக்குக் கீழே எடுத்தால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம், மறுநாள் காலை ஆயுதத்தோடு வருகிறேன் என்று சம்பந்தம் மூலமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

சிங்காரத்தால் எழ முடியவில்லை. நீர் பிடிக்கிற அதே சட்டியைத்தான் அவள் அவனுக்குப் பிடித்தாள். வெளியே கொண்டுவரும்போது வாசற்படி இடறி, பாதி தரையில் கொட்டிவிட்டது. சட்டியை அங்கேயே வைத்துவிட்டு அவனுக்குத் தண்ணீர் கொடுக்க உள்ளே ஓடினாள். திரும்பி வந்து பார்த்தபோது கொட்டிய மண் முழுக்க எறும்பு. சட்டியின் அடி வரை வந்து, சுற்றிக்கொண்டு போகிறது. ஓர் எறும்பாவது உள்ளே ஏற வேண்டுமே? இல்லை. திரௌபதி அந்தச் சட்டியைப் பார்த்தாள். கொட்டிலைப் பார்த்தாள். உள்ளே வெல்லம் வைத்திருந்த சட்டி ஞாபகம் வந்தது. “ஐயோ, பாவி நானு!” என்று தலையில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறைத்திருக்கலாம். வேறொருத்தியாக இருந்தால் மறைத்திருப்பாள், நானாக இருந்தாலும் மறைத்திருப்பேன். அவள் நேராக உள்ளே போய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

“நாந்தான்யா. அது சாயச் சட்டி. சாயச் சட்டிக்கு எறும்பு வராதுன்னு எனக்குப் பொறந்ததுலேருந்து தெரியும். ஒனக்கு ஆறல. ஆறிடுச்சின்னு நாந்தான் ஒன்ன எறக்கிட்டேன்.”

கோபப்படுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட அவளுக்கு இருந்தது.

“அப்போ ஆவாரை ஒண்ணியும் செய்யலியா?” என்று கேட்டான்.

“தெரியலைய்யா.”

“பாத்து சொல்லு” என்றான்.

மறுநாள் காலை ரணவைத்தியன் வந்தபோது அவனுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்த சனமெல்லாம் ஒரே பேச்சுத்தான் பேசியது. “அந்த நோவு வந்தவன் எவன் பொழச்சான்? தழையும் பட்டையும் இன்னா பண்ணும்? தண்ணியில எறங்காட்டியும் போயிருப்பான், நீ அழாத.” அவளுக்கு அதில் ஓர் ஆறுதல் இருந்தது. ஆவாரையால் ஒன்றும் ஆகாது என்றால், அவன் எப்படியும் போயிருப்பான். அவள் சொன்ன ஒரு சொல்லுக்குப் பெரிய கனமில்லை. ஆனால் ஆவாரை வேலை செய்கிற மருந்து என்றால், தேறிக்கொண்டிருந்த மனுஷனை அவள்தான் தண்ணீரில் இறக்கிச் சாகவிட்டாள் என்றாகும். இதைத் தெரிந்துகொள்ளாமலே காலத்தை ஓட்டிவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள்? கேட்டவன்தான் போய்விட்டானே.

ஐந்தாவது மாதம் ஊர்த் தலைவர் நாட்டார் தருமனுக்கு அதே நோய் என்று தெரிந்தது. தொப்பையும் தொந்தியுமாக இருந்த ஆள், தாகம் தாகம் என்று அலைந்தார். அவரைப் பார்த்துவிட்டுச் சம்பந்தம் தயங்கித் தயங்கித் திரௌபதி வீட்டுக்கு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

“மூணு புதுச் சட்டி வேணும். சூளையிலேருந்து நேரா வரணும், யாரும் ஒரு தபா கூடப் பொழங்கியிருக்கக் கூடாது.”

“மூணு எதுக்கும்மா?”

“ஒண்ணுல நாட்டாரோடது. ஒண்ணுல வெல்லத் தண்ணி. ஒண்ணுல வெறுந்தண்ணி. வெல்லத்துக்கே எறும்பு வர்லன்னா அன்னிக்கி கணக்கு கெடையாது, அந்த வரிசையப் பிரிச்சிடுவேன். வெறுந்தண்ணிக்கு வந்தாலும் கெடையாது. மொத மாசம் களியும் மீனும் மட்டும். கசாயம் அப்புறம். ரெண்டையும் ஒண்ணாக் குடுத்தா எது வேலை செஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?”

சம்பந்தம் இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது ரணவைத்தியன் மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னானாம். அவனுடைய கிண்ணத்துக்கும் அதே விதிதான் என்று ஒத்துக்கொண்டான்.

அந்த மாதங்களில் பூவரச மரத்தடியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. “வா, சீக்கிரம் வந்து தொலை. வந்துடு சனியனே.” எறும்பு சீக்கிரம் வர வேண்டும், ஆவாரை தோற்க வேண்டும் என்று அவள் உயிர் கிடந்து தவித்தது. கை மட்டும் ஒரே கதியில் பின்னியது. எறும்பை வேகமாக வரவழைக்க ஒரு பொட்டு வெல்லம் போதும், பக்கத்துச் சட்டியிலேயே இருந்தது. அவள் போடவில்லை.

முதல் மாதம் முடிச்சு பதினாலிலிருந்து இருபத்திரண்டுக்கு வந்து அங்கேயே நின்றது. கசாயம் கொடுக்கத் தொடங்கியதும் நகர்ந்தது. முப்பது. முப்பத்தெட்டு. நாற்பத்தி நாலு. கிண்ணத்தின் வெள்ளை நூல் கனத்துக்கு வந்தது. அவள் அதோடு விடவில்லை. மூன்றாம் மாதம் கசாயத்தை நிறுத்தச் சொன்னாள். நாட்டார் கத்தினார், “தேறிகினு வர்றவனச் சாவடிக்கப் பாக்குறியா?” என்றார். அந்தச் சொல் அவளை எங்கே குத்தியிருக்கும் என்று அந்த மனுஷருக்குத் தெரியாது. “இருவது நாளு நாட்டாரே, அதுக்கு மேல கேக்க மாட்டேன்” என்றாள். நிறுத்தியதும் முடிச்சு இருபத்தாறுக்குத் திரும்பி ஓடியது. மறுபடி கொடுத்ததும் நாற்பதைத் தாண்டியது.

அன்று அவள் சிங்காரத்தின் வலைத்துண்டைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து, நாட்டாருடைய துண்டுக்குப் பக்கத்தில் மணலில் விரித்தாள். முடிச்சில்லாத அந்த ஏழு வரிசையையும் மடித்து ஒதுக்கிவிட்டுப் பார்த்தாள். கசாயம் குடித்த நாட்களின் சிவப்பு முடிச்சுகள் இரண்டு வலையிலும் ஒரே சாய்வில் நகர்ந்திருந்தன. சம்பந்தம் நின்று பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

“இத்த வெளியில சொல்லணும்னு இல்லம்மா. சரியாத் தெரியலன்னு கோட்டை வைத்தியர எழுதிக்கச் சொல்லிடுறேன். நீ நிம்மதியா இரு” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

“வேலை செய்யுதுன்னு எழுதச் சொல்லும்” என்றாள் திரௌபதி. “முழுசா ஆத்தாது, நிறுத்துனா திரும்பிடும், அதையும் எழுதச் சொல்லும். புண்ணு மூடுற மட்டும் தண்ணியில எறங்கக் கூடாதுன்னும் எழுதச் சொல்லும்.”

அந்த வருஷம் பாட்டு நாளில் நாட்டார் தருமனின் குதிகாலில் ஒரு வெடிப்பு இருந்தது. அவர் அவளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நோய்க்காரன் தோணியில் நின்றபடியே கம்பை ஊன்றலாம் என்று ஊர் முறையை மாற்றியது. ஒரு வருஷத்துக்கு முன்னால் மாற்றியிருக்கலாம், யாருக்கும் தோன்றவில்லை.

பாடு முடிந்து எல்லோரும் கரைக்கு வந்த பிறகு திரௌபதி ஒரு தோணியைத் தள்ளிக்கொண்டு ஏரிக்குள் போனாள். போன வருஷம் சிங்காரம் ஊன்றிய கம்பு அங்கேயே நின்றது, அதைப் பிடுங்க யாருக்கும் மனசு வரவில்லை. பெண்சாதி தொடக்கூடாத கம்பு. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“பாத்து சொல்லுன்னியே. பாத்துட்டேன். வேலை செஞ்சுதுய்யா. நீ பொழச்சிருப்ப.”